பத்தாதய்யா

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜெயராணி அலுமாரியைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியில், நீல உறைக்குள் பாஸ்போட் இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள். கதவைச் சாத்தும்போது அதன் கண்ணாடியில் மகள் தனுஷியாவின் முகம் தெரிந்தது. பின்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாஸ்போட்டை வாங்கிப் போக இன்று நாலரை மணிக்கு வெளிநாட்டு வேலை ஏஜென்ட் மூக்கையா வருகிறார். அதற்கு முன்னால், மூன்று மணிக்கு, பாலத்துக்கு அந்தப் பக்கம் டொக்டர் றமீலா காத்திருப்பார். இரண்டில் எது பலிக்கும் என்பது மூலையில் கிடந்த, குவைத்திலிருந்து கொண்டு வந்த தரை கூட்டும் மெஷின் கையில் இருந்தது. மெஷினுக்குக் கை கிடையாது. ஒரு கிழமையாக உயிரும் கிடையாது.

பதினொரு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை பார்த்துவிட்டு ஜெயராணி கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பி நாலு மாதம் ஆகிறது. அங்கே படியில் விழுந்து உடைத்துக்கொண்ட வலது தோள் இன்னும் சரியாகவில்லை. கை மார்புக்கு மேலே எழும்பாது. தும்புத்தடி பிடித்து ஒரு அறை கூட்டினால் இரண்டு நாள் படுக்கை. டொக்டர் றமீலா புதிதாகத் திறக்கப்போகும் பல் கிளினிக்கில் வேலை என்று கேள்விப்பட்டதும் அவள் தானாகவே போய்க் கேட்டாள். தும்புத்தடி போட்டால் தூசு கிளம்பி பல் பிடுங்கும் ஆயுதங்களில் படியும், அதனால் தூசு கிளம்பாமல் கூட்டத் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்ல, அவள் உடனே தன்னிடம் உள்ள மெஷினைப் பற்றிச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கொண்டு வந்து காட்டுங்கள், பிடித்தால் சனிக்கிழமையிலிருந்து வேலை என்றார் டொக்டர்.

சொல்லி வைத்த மாதிரி அடுத்த நாளே மெஷின் நடுவீட்டில் நின்றுபோனது. விடிய விடிய சார்ஜ் போட்டாலும் நாலு நிமிஷம்தான் ஓடியது.

வேலை கிடைக்காவிட்டால் குவைத்துதான். பழைய மேடத்தின் தாய்க்குத் துணையாக உட்கார்ந்திருந்தால் போதுமாம். தோளுக்கு வேலை இல்லையாம். விசாகூடத் தயார். ஆனால் ஐந்து வயதில் விட்டுப்போன பிள்ளை பதினாறு வயதாகி நிற்கிறது. வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவளை அம்மா என்று கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்கும். இன்னொரு தடவை போனால் அப்படிப் பக்கத்தில் வந்து நிற்பதும் இல்லாமல் போய்விடும். போவதில்லை என்று ஜெயராணி மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அந்த முடிவுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

மெஷினுக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு. சோற்றுத் தட்டைக் கவிழ்த்த மாதிரி வட்டமாக இருக்கும் அது, தரையெல்லாம் தானே ஊர்ந்து தூசை உறிஞ்சும். பேசுவது அரபு. சார்ஜ் இறங்கினால் ஒரு பெண் குரலில், "அல் பத்தாரிய்யா ளயீஃபா" என்று சொல்லும். ஜெயராணியின் புருஷன் ராஜலிங்கத்தின் காதில் அது "பத்தாதய்யா" என்று விழுந்தது. சம்பளம் பத்தாதய்யா என்று துரை பங்களா வாசலில் தகப்பன் நின்று கத்தியதைக் கேட்டு வளர்ந்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அவர். "இது நம்ம யூனியன் ஆளு போலருக்கே" என்று முதல் நாளே சிரித்தார். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

நாளாக நாளாக அந்தச் சிரிப்புக்குள் ஒரு முள் முளைத்தது. ஜெயராணி ஜன்னல் சீலையை மாற்றினால், கறியில் உப்புப் பார்த்தால், "பத்தாதய்யா" என்பார். குவைத்து மாளிகையில் இருந்து வந்தவளுக்கு இந்த வீடு பத்தாது, மறுபடி போகத்தான் மனசு அலைகிறது என்று அவர் நினைப்பது அவளுக்குத் தெரியும். எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு எப்போதும் கைதான் முந்தும்.

மெஷினைத் தூக்கக் குனிந்தவள், அது சார்ஜ் ஏறும் பீடத்தின் வயர் பிளக்கில் இல்லாமல் தரையில் கிடப்பதைக் கண்டாள்.

"மதினி, இத யாரு கழட்டுனது?"

ராஜலிங்கத்தின் அக்கா வேலாயி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவள். தனுஷியாவைத் தூக்கி வளர்த்தவள். நேற்றுப் பின்நேரம் இடி இடித்தபோது தான்தான் கழற்றியதாகச் சொன்னாள். டிவி, பிரிட்ஜ், மெஷின், எல்லாவற்றையும் கழற்றுவாளாம். ஒரு மாதமாக எல்லாப் பின்நேரமும் இடிதானே.

"திரும்ப மாட்டுறது?"

"டிவிய புள்ள மாட்டிரும். பிரிட்ஜ நான் மாட்டிருவேன். இது ஒன்னோட சாமான். நீ மாட்டுவேன்னு இருந்தேன்."

மதினி மாட்டியிருப்பாள் என்று ஜெயராணி இருந்தாள். ஒருத்தி கழற்ற, மற்றவள் மாட்டுவாள் என்று இரண்டு பேரும் நம்பியிருக்க, ஏழு வயதுப் பெட்டரி நாள் கணக்கில் காய்ந்து கிடந்திருக்கிறது. ஏற்கெனவே கிழடு. அதோடு பட்டினியும்.

"ஒரு தடவ இடி விழுந்து டிவி எரிஞ்சு போச்சு" என்றாள் வேலாயி. "ஒனக்குத் தெரியாது. நீ இங்க இல்ல."

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அது ஆழமாக இறங்கியது. ஜெயராணி மெஷினை ஒரு விரிப்பில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்தாள்.

தனுஷியா புத்தகப் பையோடு வந்து பக்கத்தில் நின்றாள். "இது சரியாகலன்னா போயிருவீங்களா?"

"சரியாக்குவேன்."

"நான் அதக் கேக்கல."

பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கினாள். ரோட்டுக்குப் போனவள் கொப்பி மறந்துவிட்டதாகத் திரும்ப வந்து, அறைக்குள் ஒரு நிமிஷம் இருந்து, யாரையும் பார்க்காமல் மறுபடி ஓடினாள்.

*

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடையில் அதைத் தூக்கி எறியச் சொன்னார்கள். இன்னொரு கடையில் கொழும்பிலிருந்து பெட்டரி வர இரண்டு கிழமை என்றார்கள். இதெல்லாம் நேற்றைய கதை. அந்த இரண்டாவது கடைக்காரர்தான், அக்குறணையில் நளீர் நானாவிடம் கேட்டுப் பாருங்கள், அவரிடம் இல்லாத சாமான் இல்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்.

மாத்தளை பஸ் அவளை அக்குறணையில் இறக்கிவிட்டபோது பதினொன்றே முக்கால். நளீரின் கடை சிறியது. ஃபேன்களும் ரைஸ் குக்கர்களும் உடல் திறந்து கிடந்தன. தலையில் தொப்பி வைத்துக்கொண்டு ஷட்டரை இழுக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தார் நளீர். ஐம்பது வயது இருக்கும். ஜும்ஆ தொழுகை நேரம், இரண்டு மணிக்கு மேல் வாங்க தங்கச்சி என்றார்.

ஜெயராணி மெஷினை வெளியே எடுத்துத் தரையில் வைத்து சுவிட்சைப் போட்டாள்.

"அல் பத்தாரிய்யா ளயீஃபா" என்றது மெஷின்.

நளீர் சட்டென்று குனிந்து அதைத் தரையிலிருந்து இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணாடி அலுமாரி மேல் வைத்தார். "அரபு பேசுது. தரையில வெக்காதீங்க."

"நானா, அது தரை கூட்டுற மெஷின். தரையிலதான் வைக்கணும்."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். ஜெயராணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கிழமையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"ளயீஃப்னு சொல்லிச்சே. பலகீனம்ன்ற கருத்து தானே?"

"ஆமா நானா. பெட்டரி பலகீனமா இருக்குன்னு சொல்லுது."

அவளுக்கு எப்படி அரபு தெரியும் என்று நளீர் கேட்டார். அவள் சொன்னாள். சின்ன வயதிலிருந்து தான் ஓதி வந்தாலும் அரபிக்காரன் எதிரில் வந்து பேசினால் ஒன்றும் விளங்காது என்று அவர் ஒப்புக்கொண்டார். தனக்குப் பேச மட்டும்தான் தெரியும், ஒரு எழுத்தும் தெரியாது என்றாள் ஜெயராணி. "அப்ப ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆள்" என்றார் அவர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய், பெட்டிகளைக் கிளறி, நீலத் தாள் சுற்றிய ஒரு பெட்டரியோடு வந்தார். மெஷினின் அடியில் இருந்த நம்பரையும் பெட்டரியின் நம்பரையும் இரண்டு தடவை ஒப்பிட்டார். மீற்றர் கம்பிகளை வைத்துப் பார்த்தார்.

"இதுதான். கடைசி ஒண்டு. பாதி சார்ஜ் ஈக்கு, ஒரு மணித்தியாலம் ஓடும். ஆனா கழட்டி மாட்ட இப்ப நேரமில்ல. தொழுதிட்டு வந்து செஞ்சி தாறன்."

இரண்டு மணிக்கு அவர் கடை திறந்து, கழற்றி, மாட்டி, ஏதாவது சரிவராமல் போய், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் தொங்கி… மூன்று மணிக்குள் நடக்காது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தது.

"நானா, பெட்டரிய இப்பவே வாங்கிக்கிறேன். மெஷின் என்னோடது. ஸ்குரூ டிரைவர மட்டும் இரவல் தாங்க. நீங்க வாறதுக்குள்ள நானே மாட்டிருவேன்."

"முந்திச் செஞ்சி ஈக்கிறீங்களா?"

"இல்ல."

அந்தப் பதிலின் நேர்மையோ என்னவோ, அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்து நீட்டினார். படபடவென்று சொல்லிக்கொண்டே போனார். முதலில் சுவிட்சை நிறுத்த வேண்டும். சிவப்பு வயரும் கறுப்பு வயரும் ஒன்றோடொன்று படக்கூடாது. எதையும் வெட்டக்கூடாது. இழுப்பதானால் பிளக்கைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. ஆணிகளைத் தொலைக்கக்கூடாது. பின்னால் வீடு இருக்கிறது, நிழலில் உட்காருங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடினார்.

*

பின்கட்டில் நளீரின் மனைவி நஸ்லியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வந்தவளை ஒரு பாயைப் போட்டு உட்காரவைத்தாள். பள்ளி ஒலிபெருக்கியில் பயான் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெயராணி விரிப்பை மடித்து மெஷினை அதன் மேல் கவிழ்த்தாள். மல்லாந்த ஆமை மாதிரிக் கிடந்தது.

ஐந்து ஆணிகள். ஒவ்வொன்றையும் கழற்றி ஒரு போத்தல் மூடிக்குள் போட்டாள். தோளுக்கு மேல் போகிற வேலை எதுவும் இதில் இல்லை. மடியோடு முடிகிற வேலைதான். பதினொரு வருஷமாக எட்டாத அலுமாரிகளையும் உயரமான ஜன்னல்களையும் துடைத்த கைக்கு இது பெரிய காரியமா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மூடி கழன்றது. பழைய பெட்டரி தன் குழிக்குள் இறுக்கமாக இருந்தது. பிளக்கை நகத்தால் அழுத்தி மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்தாள். சிவப்பு, கறுப்பு, அவற்றோடு மெல்லிசாக ஒரு மஞ்சள் வயர். நளீர் நானா மஞ்சளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

புதியது அச்சாகப் பொருந்தியது. பிளக்கை மாட்டினாள். மெஷினைத் திருப்பி வைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லுங்க என்று நஸ்லியா சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, முருகனையும் நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

மெஷின் பாடியது. பிறகு சொன்னது: "ஹராரத்துல் பத்தாரிய்யா கைர் தபீஇய்யா."

சக்கரம் அசையவில்லை.

"என்ன சொல்லுது?" என்றாள் நஸ்லியா.

ஜெயராணி நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே சொல். ஹராரா. அந்தச் சொல் அவளுக்கு எங்கிருந்து தெரியும் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. மேடத்தின் சின்ன மகனுக்குக் காய்ச்சல் கண்டால் ராத்திரி அறைக்கதவைத் தட்டி மேடம் சொல்வது அதுதான். ஹராரா, ஜெயா, ஹராரா. எத்தனை இரவு அந்தப் பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்திருப்பாள். அதே இரவுகளில் தனுஷியாவின் நெற்றியில் வேலாயியின் கை இருந்திருக்கும்.

"பெட்டரிக்குக் காய்ச்சலாம்" என்றாள்.

"இப்பதானே போட்டீங்க. அதுக்குள்ளேயா?"

ஜெயராணி மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, புறங்கையைப் பெட்டரி மேல் வைத்தாள். சில்லென்று இருந்தது. காய்ச்சல் இல்லை. அப்படியென்றால் காய்ச்சல் இருக்கிறதென்று மெஷினிடம் போய்ச் சொல்வது யார்? சிவப்பும் கறுப்பும் கரண்ட் கொண்டுபோகிற வயர்கள். மிச்சம் அந்த மஞ்சள்தான். சூட்டைச் சொல்கிறவன் அவனாகத்தான் இருக்க வேண்டும். அவன் ஒழுங்காகச் சொல்லவில்லை.

பழைய பிளக்கையும் புதிய பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். பழையதில் மூன்று பித்தளை முனைகளும் ஒரே வரிசையில் நின்றன. புதியதில் மஞ்சள் வயரின் முனை மட்டும் ஒரு அரிசி அளவு பின்வாங்கியிருந்தது.

"ஒரு ஊசி இருந்தா தாங்க."

நஸ்லியா தன் தலையை மூடிய சோலில் குத்தியிருந்த குண்டூசியை உருவிக் கொடுத்தாள். ஜெயராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக அந்த ஒரு முனையை மட்டும் மெல்லத் தள்ளினாள். அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். மூன்று முனையும் ஒரே வரிசை.

மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். மெஷின் பாடியது, பேசாமல் ஒரு கணம் நின்றது, பிறகு சக்கரம் உருண்டது. சீமெந்துத் தரையில் நேராகப் போய் நஸ்லியாவின் வெங்காயத் தோல் குவியலுக்குள் நுழைந்து, பாதியை விழுங்கி, அவள் காலை முட்டித் திரும்பியது. நஸ்லியா காலைக் கதிரை மேல் தூக்கி வைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

நளீர் திரும்பி வந்தபோது ஐந்து ஆணியும் முறுக்கி முடிந்திருந்தது. மஞ்சள் வயர் கதையைக் கேட்டு அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "நான் ஈந்தாலும் பெட்டரிதான் பழுதுன்னு திருப்பி அனுப்பி ஈப்பேன்" என்றார். பழைய பெட்டரியைக் குப்பையிலோ நெருப்பிலோ போடக்கூடாது, கடையில் தந்துவிடுங்கள் என்றார். இன்று ஒரு நாள் மட்டும் தன்னிடம் இருக்கட்டும் என்று ஜெயராணி கேட்டாள். அவர் அதன் பிளக்கில் டேப் ஒட்டி, கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்.

*

கட்டுகஸ்தோட்டையில் பஸ் நின்ற இடத்தில் ராஜலிங்கத்தின் ஓட்டோ நின்றது. சொல்லி வைக்கவில்லை. தானாகத்தான் வந்திருந்தார். மலைக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"பத்தாதய்யா பொழச்சிக்கிச்சா?"

ஜெயராணி மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். ஓட்டோ பாலத்து நெரிசலில் நின்றபோது சொன்னாள்.

"அது பத்தாதுன்னு சொல்லலீங்க. பத்தாரிய்யான்னா பெட்டரி. பெட்டரி பலகீனமா இருக்குன்னு சொல்லுச்சு. நாலு மாசமா அதத்தான் சொல்லுச்சு."

கீழே மகாவலி கலங்கலாக ஓடியது. பின்னாலிருந்து பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. ராஜலிங்கம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"நாலு மாசமா நீ சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

ஓட்டோ நகர்ந்தது. மூக்கையா வந்தால் தான் வரும்வரை எதையும் கொடுக்க வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். ஏஜென்ட் சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன நேரத்துக்குப் போகிற ஆள் என்றார் ராஜலிங்கம். முதலில் வேலை கிடைக்கட்டும், பிறகு பேசுவோம் என்றார். ஆனால் கிளினிக் வாசலில் அவள் கையிலிருந்து மெஷினை வாங்கி, இரண்டு மாடி தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

கிளினிக்கில் புதுப் பெயின்ட் மணத்தது. காத்திருக்கும் அறை, நடை, பல் பிடுங்கும் அறை. தச்சு வேலைக்காரர்கள் விட்டுப்போன மரத்தூள் மூலைகளில் கிடந்தது. டொக்டர் றமீலா, முப்பத்தைந்து வயது இருக்கும், கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மெஷின் அரபில் ஏதோ அறிவித்துவிட்டுக் கிளம்பியதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"சத்தத்தக் கொறைக்க ஏலுமா? பல் வலியோட வாற ஆக்கள், தங்களுக்குத்தான் யாரோ ஓதிப் பாக்குறாங்கன்னு நெனைச்சிருவாங்க."

ஏலும் என்றாள் ஜெயராணி. அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவளுடைய காது முழுவதும் மெஷினில்தான் இருந்தது. எந்த நிமிஷமும் அந்தப் பெண் குரல் பத்தாரிய்யா என்று தொடங்கிவிடும் போலிருந்தது. முதல் அறை முடிந்தது. நடை முடிந்தது. கதவு நிலையில் ஒரு தடவை முட்டி, யோசித்து, உள்ளே ஏறியது. டொக்டர் ஒரு பஞ்சை நனைத்து ஆயுதத் தட்டைத் துடைத்துப் பார்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. மரத்தூள் இருந்த மூலையில் தரை பளபளத்தது. மெஷின் சத்தமில்லாமல் வந்து ஜெயராணியின் காலடியில் நின்றது.

டொக்டர் திருப்திப்பட்டாலும் கேட்கவேண்டியதைக் கேட்டார். "ஒரு நாளைக்கு இது நிண்டு போச்சுன்னா? எனக்குக் காலைல எட்டு மணிக்கு ஆக்கள் வருவாங்க."

ஜெயராணி பையிலிருந்து கடதாசிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

"இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் செத்துத்தான் கெடந்துச்சு டொக்டர். இது பழைய பெட்டரி. நான்தான் மாத்துனேன். நின்னா எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும்."

டொக்டர் அந்தப் பெட்டரியைக் கையில் வாங்கவில்லை. ஜெயராணியின் விரல்களைத்தான் பார்த்தார். நகங்களுக்குள் கறுப்பு ஏறியிருந்தது.

"நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க. ஏழுக்கு முந்தி வந்தா கதவுத் திறப்பு கீழ் கடையில ஈக்கும்."

*

மழையில் நனைந்துகொண்டு அவள் வீட்டுக்கு ஏறியபோது ஐந்தே கால். மெஷின் மட்டும் நனையாமல் விரிப்புக்குள் இருந்தது. வேலாயி வாசலிலேயே நின்றாள்.

"எங்க ஒளிச்சு வச்ச?"

"எத?"

"பாஸ்போட்ட."

மூக்கையா சொன்ன நேரத்துக்கே வந்தாராம். ராஜலிங்கம் அவரைக் கதிரையில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, அலுமாரியைத் திறந்தால் பாஸ்போட் இல்லை. சேலை எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிப் பார்த்தாராம். மூக்கையாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கண்டி ஆபிசுக்குத் தானே கொண்டு வந்து தருவதாக ராஜலிங்கம் வாக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டோ ஹயர் போய்விட்டார்.

ஜெயராணி அறைக்குள் போய்ப் பார்த்தாள். கட்டில் முழுக்கச் சேலைகள். காலையில் தன் கையால் வைத்த நீல உறை இல்லை. வேலை கிடைத்த செய்தி அவள் வாயிலேயே நின்றுவிட்டது. தனுஷியா ஜன்னலோரம் கணக்குக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு தலை நிமிராமல் இருந்தாள்.

மலை அதிர ஒரு இடி இடித்தது. வேலாயி பழக்கதோஷத்தில் நேராக மெஷின் பீடத்திடம் போய் பிளக்கில் கையை வைத்தாள். வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"கழட்டவா?"

இந்த நாலு மாதத்தில் கழற்றும் முன் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கழட்டுங்க மதினி. இடி நின்னதும் நான் மாட்டிடுறேன்."

"ஏன், எனக்குக் கை இல்லையா? கழட்டுனவதான் மாட்டணும்."

சொன்னபடியே, அரை மணித்தியாலத்தில் இடி மலைக்கு அந்தப் பக்கம் போனதும், யாரும் சொல்லாமல் அவளே வந்து மாட்டினாள். பீடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. நாளைக்கு வேலை, ஏழு மணிக்கு என்று ஜெயராணி அப்போதுதான் சொன்னாள். வேலாயி அடுப்படிக்குப் போய் இன்னொரு சுண்டு அரிசி அளந்து போடுகிற சத்தம் கேட்டது.

ராத்திரிக்கு முழுச் சார்ஜ் ஏற வேண்டும். ஜெயராணி மெஷினை நடுவீட்டில் வைத்து, இடத்துக்குத் திரும்பும் பொத்தானை அழுத்தினாள். அது உருண்டு போய்ப் பீடத்தில் ஏறப் பார்த்தது. ஏற முடியாமல் சறுக்கியது. பின்னால் வந்து மறுபடி ஏறப் பார்த்தது. மறுபடியும் சறுக்கியது. அறையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு அரபில் ஏதோ சொன்னது.

"என்னா சொல்லுது?" என்றாள் தனுஷியா. கொப்பியிலிருந்து இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"திரும்பிப் போறதுக்கு இடம் கெடைக்கலையாம்."

தனுஷியா எழுந்தாள். பீடத்திடம் போய் உட்கார்ந்து, அதன் முன்பக்கத்தைத் தூக்கி, அடியிலிருந்து நீல உறையை உருவினாள். பீடம் தரையோடு தரையாகப் படிந்தது. மெஷின் இன்னொரு தடவை வந்தது, ஏறியது, நின்றது.

பிள்ளை உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

"இது இங்க இருந்தா அதுக்கு ஏற முடியல. வேற எடத்துல வைக்கிறேன். எங்கன்னு அப்பாவுக்கும் சொல்ல மாட்டேன்." சட்டையை இழுத்துவிட்டாள். "ஒங்களுக்கும் சொல்ல மாட்டேம்மா."

கீழே ரோட்டில் ஓட்டோ வந்து நின்றது. செருப்புச் சத்தம் படியேறி வந்தது. தனுஷியா அடுப்படிப் பக்கமாக ஓடினாள்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வேலாயி அகப்பையோடு வந்து வாசல் நிலையை மறித்து நின்றாள்.

"தம்பி, அங்கேயே நில்லு. சேத்துக் காலோட உள்ள வராத. இன்னும் கூட்டி முடியல."